உழவாரத்துக்குத் தப்பிய ஆலங்கன்று

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் பழைய காரை வீடு ஒன்றை அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்திலோ, கைப்பிடிச் சுவரின் வெடிப்பிலோ ஓர் ஆலங்கன்று நிற்கும். நட்டவர் யாரும் இல்லை. பழம் தின்ற மைனாவோ குயிலோ வௌவாலோ எச்சத்தோடு விட்டுப்போன, கடுகைவிடச் சின்ன விதை அது. வீட்டுக்காரர் வெள்ளையடிக்கும்போதெல்லாம் ஒடித்துப் போடுவார். அது மறுபடி தழைக்கும். வருஷங்கள் போனாலும் முழ உயரத்தைத் தாண்டாது. ஆனால் அடித்தண்டு மட்டும் முண்டும் முடிச்சுமாகத் தடித்து, கிழட்டு மரத்தின் சாயலுக்கு வந்துவிடும்.

கோயில் மதிலில் இதே கன்று பெரிய தொல்லை. வேர் கல்லிடுக்கில் புகுந்து பருக்கத் தொடங்கினால் கட்டடமே பிளந்துவிடும். உழவாரப் பணிக்கு வருகிறவர்கள் பிராகாரத்துப் புல்லோடு சேர்த்து இதையும் தேடிக் களைவார்கள். அப்படிப் பிடுங்கி ஓரமாகக் குவித்துவைக்கிற கன்றில்தான் ஒருவர் போன்சாயைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பலரும் தொடங்குவது வேறு இடத்தில். இணையக் கடையில் ‘போன்சாய் விதை’ என்று ஒரு பொட்டலம் வாங்குகிறார்கள். அட்டைப் படத்தில் நீல நிற இலையோடு ஒரு மேப்பிள் மரம் இருக்கும். நீல மேப்பிள் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. போன்சாய்க்கென்று தனி விதையும் இல்லை, தனி இனமும் இல்லை. கொஞ்சம் விவரமானவர்கள் ஜூனிபர் கன்று வாங்குவார்கள். அது குளிர்காலத்தில் உறங்கி எழுந்து பழகிய மரம். மார்கழியிலும் பகலில் வியர்க்கிற ராயகிரியில் அதற்கு உறக்கம் கிடைக்காது. பச்சை நிறம் மாறாமலே சில மாதம் நிற்கும். செத்துப்போனது நமக்குத் தெரியவரும்போது, செத்துப் பல வாரம் ஆகியிருக்கும்.

இந்தக் கலை குளிர்நாட்டுக் கலை என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. சீனாவில் கி.பி. 706இல் கட்டிய தாங் வம்ச இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்திலேயே, தட்டில் வைத்த சிறு செடியை ஏந்திவரும் பணியாள் இருக்கிறார். அதை எடுத்து மெருகேற்றியது ஜப்பான். 1923இல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் வெளியேறி, 1925 முதல் ஓமியா என்ற இடத்தில் ஒரு தனி ஊரையே அமைத்துக்கொண்டார்கள். 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவந்த ஒரு வெள்ளைப் பைன், 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில், யமகி குடும்பத்தின் தோட்டச் சுவருக்குப் பின்னால் இருந்து தப்பியது. 1976இல் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அதன் கதை அங்கே இருப்பவர்களுக்குத் தெரியவந்தது 2001இல், யமகி குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் வாஷிங்டனுக்கு வந்து சொன்ன பிறகுதான். இப்படிப்பட்ட பைன்களின் படங்களைப் பார்த்துப் பார்த்தே போன்சாய் என்றால் பைன் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் சீனாவின் தெற்கில், வெயிலும் புழுக்கமும் உள்ள குவாங்டாங் பக்கத்தில், லிங்னான் என்றொரு மரபு இருக்கிறது. அவர்கள் கம்பி கட்டுவதைவிடக் கத்தரியைத்தான் அதிகம் நம்புகிறார்கள். நமக்கு அவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஓர் ஆலமரம் எப்படிச் சிறிதாகிறது? ஆந்திராவில் அனந்தபூர் பகுதியில் திம்மம்மா மர்ரிமானு என்ற ஆலமரம் ஏறத்தாழ 5 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. தட்டில் அடங்கும் ஆலும் அதே இனம், மரபணுவில் எந்த வித்தியாசமும் இல்லை. தட்டிலிருந்து எடுத்து வாய்க்கால் கரையில் வைத்தால் அதுவும் விழுது விட்டு ஊர் மரமாகிவிடும். அப்படியானால் தட்டு மரத்தின் செல்கள் சுருங்கிவிட்டனவா? 1989இல் கிறிஸ்டியன் கோர்னர் என்ற தாவரவியலாளரும் அவரோடு இருவரும் போன்சாய் இலைகளையும் சாதாரண மரத்து இலைகளையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செல்லின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், எண்ணிக்கைதான் குறைவு என்று தெரிந்தது. செங்கல் அதே செங்கல், வீடு மட்டும் சின்னது.

எண்ணிக்கை குறைவதற்கு வேரும் நுனியும் காரணம். வேருக்கு இடமில்லாதபோது மேலே போகிற தண்ணீரும் சத்தும் அளவோடுதான் போகும். வேர்நுனியில் உருவாகி மேலே ஏறுகிற சைட்டோகைனின் என்ற ஹார்மோனும் குறையும். அதனால் தளிரில் செல் பிரிவது மட்டுப்படும். நுனியின் கதை இன்னும் சுவாரசியமானது. தளிர்நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் ஊறிக் கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை இலைக்கக்கத்தில் இருக்கும் பக்கமொட்டுகள் வாய் திறப்பதில்லை. 1930களில் அமெரிக்காவின் கால்டெக்கில் தீமன், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியை வெட்டினார்கள், பக்கமொட்டுகள் கிளம்பின. இன்னொரு செடியில் வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனி போன விஷயமே தெரியாததுபோல் பக்கமொட்டுகள் உறங்கின. போன்சாய்க்காரர் கத்தரியால் செய்வதெல்லாம் இந்த மேலதிகாரியை அவ்வப்போது வேலைநீக்கம் செய்வதுதான். ஒரு நுனி போனால் இரண்டு கிளை, இரண்டும் போனால் நான்கு. கிளை கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் பங்கு குறைகிறது, இலை சிறுக்கிறது.

இதை நம் ஊரில் ஆடுகள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. வரப்போரத்து இலந்தையையும் கொடுக்காப்புளியையும் உட்கார்ந்து பாருங்கள். எட்டுகிற உயரம் வரை ஆடு கடித்துக் கடித்து, அடி தடித்து, குச்சிகள் நெருங்கி, இலை பொடியாகி நிற்கும். ‘மரத்தைச் சித்திரவதை செய்கிறீர்களே’ என்று போன்சாய் வளர்ப்பவரிடம் கேட்கிறவர்கள், மல்லிகையைக் கவாத்து செய்கிறவரிடம் அதைக் கேட்பதில்லை. மரத்துக்கு நரம்பு மண்டலம் கிடையாது. பட்டினி போட்ட மரம் போன்சாயாகாது, விறகாகும். வீட்டில் வைத்தால் குடும்பம் வளராது என்ற வாஸ்துப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை, அக்கறையும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நம்பச் சிரமமான ஒரு விஷயம், குட்டை மரம் தட்டில் உருவாவதில்லை என்பது. தட்டில் வைத்த நாளோடு தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். விரல் பருமன் கன்றைத் தட்டில் வைத்தால் பத்து வருஷம் கழித்தும் அது விரல் பருமன் கன்றாகத்தான் இருக்கும். தண்டு பருக்க வேண்டுமானால் இலை நிறைய வேண்டும், இலைக்கு வேர் வேண்டும், வேருக்கு மண் வேண்டும். ஆகவே முதலில் தரையிலோ பெரிய சாக்கிலோ ஆள் உயரத்துக்கு மேல் தாறுமாறாக ஓடவிட்டு, அடி வேண்டிய அளவு தடித்ததும் ஒரு சாண் உயரத்தில் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பக்கத்துக் கிளை ஒன்று புதிய நுனியாகும். அதையும் ஓடவிட்டு வெட்ட வேண்டும். கீழே பருத்து மேலே மெலியும் கூம்பு வடிவம் இப்படித்தான் வரும். கண் அந்தக் கூம்பைப் பார்த்துத்தான் ‘பெரிய மரம்’ என்று ஏமாறுகிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க நம்மிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று போத்து. ஆல், பூவரசு, கிளுவை ஆகியவற்றைக் கையளவு பருமனில் வெட்டி நட்டால் வேர்விடும் என்பது வேலி கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். மணிக்கட்டு பருமனுள்ள ஆலம்போத்து பிடித்துக்கொண்டால், பல வருஷத் தண்டு ஒரே மழைக்காலத்தில் கைக்கு வந்துவிடுகிறது. இன்னொன்று, சுவரில் நிற்கும் அந்தக் கன்று. உங்கள் வீட்டுச் சுவரென்றால் நல்ல மழைக்கு மறுநாள், காரை ஊறியிருக்கும்போது உளியால் சுற்றிலும் கொத்துங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், வேர் உள்ளேயே அறுந்துவிடும். வெளியே வருகிற வேர் உருண்டையாக இருக்காது. இடுக்குக்குள் நசுங்கி, நாடா மாதிரி தட்டையாக இருக்கும். ஒரு கருங்கல்லைக் கொடுத்தால் அதன்மேல் அப்படியே படிந்து கவ்விக்கொள்ளும். ஜப்பானியர் வருஷக்கணக்கில் மெனக்கெடும் ‘கல் கவ்விய வேர்’ அமைப்புக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை. வெட்டிய இடத்தில் பால் வடியும். தண்ணீரைத் தெளித்துச் சாம்பலைத் தொட்டு வைத்தால் நிற்கும். ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே மண்ணில் வைத்துவிட வேண்டும். கோயில் மதிலில் மட்டும் நீங்களே கை வைக்க வேண்டாம். கல் பெயர்ந்தால் பதில் சொல்ல முடியாது. உழவாரப் பணிக்காரர்கள் களைந்து போட்டதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மேற்கே மலைப்பக்கம் போகவே வேண்டாம். அது நெல்லை வனவிலங்குச் சரணாலயம். அங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சுவர்க் கன்று கிடைக்காமல், வாங்கித்தான் தொடங்க வேண்டும், எந்த மரம் என்று கேட்டால், முதல் மரமாகக் கல்லிச்சியைச் சொல்வேன். நர்சரிகளில் ‘பைகஸ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். இலை சிறியது, எங்கே வெட்டினாலும் அங்கே துளிர்க்கும், தவறுகளைப் பொறுக்கும். ஆல் இரண்டாவது. அரசு அழகுதான், ஆனால் அதன் இலைக்காம்பு நீளம். இலை சிறுத்தாலும் காம்பு தொங்கி மரம் ஒழுங்கற்றுத் தெரியும். புளி பொறுமைசாலிகளுக்கு. வேலிப் புதரில் கிடக்கும் குரங்குவெற்றிலையை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. மேல்நாட்டுக் கடைகளில் அதே செடி ‘புக்கியன் டீ’ என்ற பெயரில் போன்சாயாக விற்கிறது.

இனி தண்ணீர். புதியவர் கையில் சாகும் போன்சாய்களைக் கத்தரி கொல்வதில்லை, தண்ணீரும் மண்ணும்தான் கொல்கின்றன. அதிலும் ஒரு விசித்திரம், ஆழமில்லாத தட்டுதான் ஆழமான தொட்டியைவிடச் சீக்கிரம் சொதசொதப்பாகும். குளிக்கிற ஸ்பான்ஜ் ஒன்றைத் தண்ணீரில் முக்கி, உள்ளங்கையில் படுக்கையாக வைத்துச் சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு பிழியாமல் அப்படியே நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பான்ஜ் அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது. மண்ணிலும் இதுதான் நடக்கிறது. மணலுக்கு மணல் இருக்கிற இடுக்குகளில் பரப்பு இழுவிசை தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் உயரம் வரை, ஓட்டை எத்தனை இருந்தாலும், தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியே நிற்கும். அந்த உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல, இடுக்கின் அகலத்தைப் பொறுத்தது. இடுக்கின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1.5 சென்டிமீட்டர். அதுவே 0.1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 15 சென்டிமீட்டர். இரண்டாவது வகை மண்ணை 30 சென்டிமீட்டர் வாளியில் போட்டால் மேல்பாதியாவது மூச்சு விடும். 5 சென்டிமீட்டர் தட்டில் போட்டால் மேலிருந்து கீழ்வரை சேறுதான். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். கிடைக்காவிட்டால் அழுகும். மேலே இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம்.

அடியில் சரளைக்கல் பரப்பினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது. தேங்கும் அடுக்கு சரளைக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இருந்த இடமும் குறையும். செய்ய வேண்டியது மண்ணைப் பருமனாக்குவது. ஜப்பானியர் ஆகாடாமா என்ற எரிமலைக் களிமண் உருண்டைகளைப் பயன்படுத்துவது இதற்குத்தான். அதை ராயகிரிக்கு வரவழைக்க வேண்டிய அவசியமில்லை. நன்றாக வெந்த சூளைச் செங்கல்லை உடைத்து, மிளகு அளவுக்கும் கடலை அளவுக்கும் நடுவில் இருப்பதைச் சலித்தெடுத்து, தூள் போகக் கழுவினால் போதும். செங்கல் துண்டு தனக்குள்ளே தண்ணீரை வைத்துக்கொள்ளும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும். அப்படி மூன்று பங்குக்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. கரிசல் மண் பருத்திக்கு நல்லது, தட்டுக்கு ஆகாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், வெடிப்போடு சேர்ந்து வேரும் அறும். பெரிய ஓட்டை இருக்கும் அகலச் சட்டியில் கொசுவலைத் துண்டு ஒன்றை அடியில் விரித்துவிட்டு இந்தக் கலவையை நிரப்பலாம். பீங்கான் தட்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட கலவை சீக்கிரம் காயும் என்பது நியாயமான புகார். அதனால்தான் ‘தினம் ஒரு தடவை தண்ணீர்’ என்ற புத்தகக் கணக்கு செல்லாது. விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருக்களில் இது இன்னும் முக்கியம். அரைகுறையாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்து, சட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதற்கு ஈடில்லை.

புத்தகங்களின் மாதக் கணக்கும் இங்கே உதவாது. ஜப்பானில் வசந்தத்துக்கு முன் மண் மாற்றுவார்கள், ஏனென்றால் மரம் தூக்கத்திலிருந்து எழப்போகிறது. நம் இச்சி தூங்குவதே இல்லை. இங்கே பார்க்க வேண்டியது காற்றையும் மழையையும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று குற்றாலத்தைச் சாரலில் நனைக்கும். அங்கே ஆலங்கிளையில் விழுது தானாக இறங்கும், ஏனென்றால் அது முளைப்பதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். வடகிழக்கே தள்ளியிருக்கும் ராயகிரிக்கு அந்தக் காற்று வரும்போது ஈரத்தை மலையிலேயே தொலைத்துவிட்டிருக்கும். இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதுதான் மிச்சம். வேரை வெட்டிய மரத்தை அந்த மாதங்களில் மாடியில் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். காற்று அடங்கி, வானம் மூடத் தொடங்குகிற புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும் தோது. மரத்தை எடுத்து, மூங்கில் குச்சியால் வேரைக் கோதி, தடித்த வேர்களைக் குறைத்து, தண்ணீர் உறிஞ்சும் நுண்வேர்களை விட்டுவைத்து, மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டலாம். மேலேயும் அதே கணக்கில் கிளையைக் குறைத்து, தட்டின் ஓட்டை வழியாக ஒரு கம்பி விட்டு மரத்தை அசையாமல் கட்டிவிட வேண்டும். ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நிழல், பிறகு வெயில்.

வெயில் என்று சொல்வது நிஜமான வெயில்தான். நடுப்பகலில் வெட்டவெளியில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது. நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிகிற அறைக்குள் சில நூறுதான் இருக்கும். கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, இலையால் அது முடியாது. வரவேற்பறை மேஜையில் வைத்த போன்சாய் மெதுவாகப் பட்டினி கிடக்கிறது. விருந்தாளி வந்தால் ஒரு நாள் உள்ளே, மற்ற நாளெல்லாம் மாடி. சித்திரை வெயிலில் மட்டும் பிற்பகல் நிழல் கொடுக்கலாம். அதுகூட இலைக்காக அல்ல, தட்டு சூடேறி வேர் வேகாமல் இருப்பதற்கு.

கம்பி கட்டி வளைப்பது பார்க்கக் கவர்ச்சியானது, அதனாலேயே எல்லோரும் முதல் வாரமே அதில் இறங்குகிறார்கள். அலுமினியக் கம்பியைச் சுற்றி வளைத்தால் கிளை சில மாதத்தில் அந்த வடிவத்திலேயே நிற்கும். வளைந்த கிளை தன்னைத் தாங்கிக்கொள்ள மேல்பக்கத்தில் இழுவிசை மரக்கட்டை என்ற தனி வகைக் கட்டையைப் போடுவது இதற்கு ஒரு காரணம். ஆனால் நம் வெயிலில் இச்சி பருக்கிற வேகத்துக்குச் சில வாரத்திலேயே கம்பி பட்டையில் பதிந்து, திருகுத் தழும்பு நிரந்தரமாகிவிடும். முதல் வருஷம் கம்பியே வேண்டாம். லிங்னான்காரர்கள்போல், எந்தப் பக்கம் கிளை வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேலே வெட்டினால் போதும். மரம் தானே திரும்பும்.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிப் பக்கத்து வாசகர்கள் கட்டாயம் அதைக் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். விதை போட்டால் முள்ளும் இலையுமாகப் பல வருஷம் போகும். காய்க்கிற மரத்தில் பதியன் போட்டு எடுத்தால் அந்தக் கிளை ஏற்கனவே பருவம் வந்தது, சீக்கிரம் பூக்கும். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இலை சிறுக்கும், பூவும் காயும் சிறுக்காது. இலையின் அளவு மரத்துக்குக் கிடைப்பதைப் பொறுத்து மாறும். காய் தன் அளவை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதில்லை. முழ உயர மரத்தில் சந்தையில் விற்கிற அளவுக்கு எலுமிச்சை தொங்கும், கிளை வளையும். முதல் தடவை காய்க்கும்போது ஒன்றோ இரண்டோ மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் அந்தச் சின்ன வேரில் இருந்த சேமிப்பு முழுவதையும் காய் இழுத்துக்கொள்ளும், அடுத்த வருஷம் தளிர்கூட வராது.